நேற்றுத் திறந்த கோப்புறை இன்று திறக்கவில்லை: கோப்புச் சேவையகத்தின் இயல்புநிலை மாற்றங்களை அறிகுறி வழியே கண்டறிதல்

பெரும்பாலும் காலை எட்டரை மணியளவில்தான் அழைப்பு வரும். "தம்பி, நேற்றுப் பின்னேரம் வரைக்கும் வேலை செய்தது. இண்டைக்குக் காலமை திறந்தால் அனுமதி இல்லை எண்டு சொல்லுது. நாங்கள் ஒண்டும் செய்யேல்லை." அந்த அக்கா சொல்வது முழு உண்மை. அவர் ஒன்றும் செய்யவில்லை. இரவு தானாக நடந்த மேம்படுத்தலில், அமைப்புக் கோப்பில் ஒருவரும் எழுதாத ஒரு மதிப்பு மாறியிருக்கிறது. எழுதாமல் விட்ட இடங்களையெல்லாம் மென்பொருளை ஆக்கியவர்கள் தாமே தீர்மானித்து நிரப்பிவைக்கிறார்கள். அதைத்தான் இயல்புநிலை என்கிறோம். வவுனியாவிலிருந்து கிளிநொச்சி, முல்லைத்தீவு வரை சிறு அலுவலகங்களிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் பாடசாலைகளிலும் நான் பார்த்த சேவையகப் பிழைகளில் பெரும்பகுதி, எழுதியது பிழையானதால் வந்ததன்று. எழுதாமல் விட்டதன் பொருள் மாறியதால் வந்தது.

இந்த வழிமுறை, பழைய கணினி ஒன்றில் டெபியன் அல்லது உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, அதில் விண்டோஸ் கணினிகளுடன் கோப்புகளைப் பகிர உதவும் சாம்பா மென்பொருளைக் கோப்புச் சேவையகமாக ஓட்டி, அதை ஏழெட்டு விண்டோஸ் கணினிகளுக்கும் ஒரு போட்டோக்கொப்பி இயந்திரத்துக்கும் பகிர்ந்திருக்கும் இடங்களுக்கானது. சாம்பா, 1992 ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவின் கன்பெராவில் அன்ட்ரூ டிரிஜெல் தொடங்கிய பணி. இத்தனை ஆண்டுகள் ஓடிய ஒரு மென்பொருளில், முன்பு சரியாக இருந்த இயல்புநிலை பின்னர் ஆபத்தாக மாறுவதும், அதை மாற்றும்போது எங்கேயோ ஓர் அலுவலகத்தில் வேலை நிற்பதும் தவிர்க்க முடியாதவை.

எந்த அறிகுறிக்கும் முன்னர் செய்யவேண்டியது

டெஸ்ட்பார்ம் என்ற கட்டளை சாம்பாவுடனேயே வருகிறது. அதை வெறுமனே ஓட்டினால் அமைப்புக் கோப்பில் இயல்புநிலையிலிருந்து மாற்றி எழுதப்பட்டவை மட்டும் தெரியும். அதனுடன் எஸ், வி ஆகிய இரண்டு தெரிவுகளையும் சேர்த்து ஓட்டினால், எழுதாமல் விட்டவை உட்பட அத்தனை அமைப்புகளும் அவற்றின் இப்போதைய மதிப்புகளுடன் நீண்ட பட்டியலாக வரும். மேம்படுத்துவதற்கு முன் அந்தப் பட்டியலை ஒரு கோப்பில் திகதியிட்டுச் சேமியுங்கள். மேம்படுத்திய பின் மீண்டும் ஓட்டி இன்னொரு கோப்பில் சேமியுங்கள். பிறகு டிஃப் கட்டளையால் இரண்டையும் ஒப்பிடுங்கள். வேறுபடும் வரிகள் பெரும்பாலும் பத்துப் பதினைந்துக்குள் அடங்கிவிடும்; புதிய வசதி ஒன்று வந்திருந்தால் அது எந்த நிலையில் வந்திருக்கிறது என்பதும் அந்த வரிகளிலேயே தெரியும். இந்த இரண்டு நிமிட வேலையைச் செய்யாமல் மேம்படுத்திவிட்டு, பிறகு இணையத்தில் கண்ட வரிகளை ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்ப்பதுதான் நம்மிடையே நடக்கும் மிகப் பெரிய பிழை.

மேம்படுத்தல் ஏற்கனவே நடந்து, முந்தைய பட்டியல் இல்லையென்றால், ஒவ்வொரு புதிய பதிப்புடனும் வெளிவரும் குறிப்பில் அமைப்புக் கோப்பு மாற்றங்கள் என்ற சிறு அட்டவணையைத் தேடுங்கள். அமைப்பின் பெயர், அது புதிதா மாறியதா என்ற குறிப்பு, இயல்புநிலை மதிப்பு என மூன்று நிரல்கள் மட்டுமே அதில் இருக்கும்.

இன்னொன்றையும் மனத்தில் வைத்திருக்க வேண்டும். இயல்புநிலை என்பது ஒன்றன்று. சாம்பா ஆக்கியவர்கள் வைத்தது ஒன்று. டெபியன், உபுண்டு போன்றவை தம் பொதியுடன் தரும் அமைப்புக் கோப்பு இன்னொன்று. முதன்முதலில் வந்து நிறுவிக் கொடுத்துவிட்டுப் போனவர் எழுதியது மூன்றாவது. அறியாத பயனர் பெயருடன் வருபவரை என்ன செய்வது என்பதைத் தீர்மானிக்கும் ‘மெப் டு கெஸ்ட்’ என்ற அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பாவின் இயல்புநிலை, அவரை ஒருபோதும் விருந்தினராக ஏற்காதே என்பது. உபுண்டு தரும் கோப்போ, பயனர் பெயர் தெரியாவிட்டால் விருந்தினராக ஏற்றுக்கொள் என்கிறது. ஆகவே "இயல்புநிலையில் இப்படித்தான்" என்று யாராவது சொன்னால், எவருடைய இயல்புநிலை என்று முதலில் கேட்க வேண்டும்.

அறிகுறி: போட்டோக்கொப்பி இயந்திரம் ஸ்கேன் செய்ததை அனுப்ப மறுக்கிறது, அல்லது மூலையில் இருக்கும் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினி சேவையகத்தைக் காணவில்லை என்கிறது

சேவையகத்தில் எஸ்எம்பிஸ்டேட்டஸ் கட்டளையை ஓட்டுங்கள். இணைந்திருக்கும் ஒவ்வொரு கணினியும், எஸ்எம்பி எனும் கோப்புப் பகிர்வு நெறிமுறையின் எந்தப் பதிப்பில் பேசுகிறது என்பதை அது ஒரு நிரலில் காட்டும். புதிய கணினிகளுக்கு நேரே எஸ்எம்பி 3 என்று தொடங்கும் எண் இருக்கும். பிழை காட்டும் இயந்திரம் பட்டியலிலேயே இராது. அப்படியானால் காரணம் பெரும்பாலும் இதுதான்: 2019 செப்டெம்பரில் வெளிவந்த சாம்பா 4.11 முதல், எஸ்எம்பியின் முதலாவது பதிப்பு இயல்புநிலையில் நிறுத்தப்பட்டுவிட்டது.

இணையத்தில் முதலில் அகப்படும் தீர்வு, ‘சேர்வர் மின் புரொட்டகோல்’ என்ற வரியைப் பழைய மதிப்புக்குத் திருப்பிவிடு என்பது. அதை எழுதினால் ஸ்கேனர் உடனே வேலை செய்யும், அலுவலகமும் மகிழும். ஆனால் அந்த அமைப்பு முழுச் சேவையகத்துக்கும் உரியது. ஒரு கோப்புறைக்கு மட்டும் அதை எழுத முடியாது. ஒரு ஸ்கேனருக்காகச் சேவையகத்தின் எல்லாக் கதவுகளையும் பழைய பூட்டுக்கு மாற்றுகிறோம் என்பதே அதன் பொருள். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வன்னாகிரை என்ற தீநிரல், விண்டோஸில் இருந்த எஸ்எம்பி முதலாம் பதிப்பின் ஓட்டை வழியாகவே கணினியிலிருந்து கணினிக்குத் தாவியது. அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசொஃப்ட் அதே ஆண்டு மார்ச்சில் வெளியிட்டிருந்தும், நிறுவாத இடங்கள் பாதிக்கப்பட்டன. பழைய நெறிமுறையைக் கைவிட்டதில் எனக்கு முழு உடன்பாடு.

ஆகவே இந்த ஒழுங்கில் முயலுங்கள். முதலில் இயந்திரத்தின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து, வலையமைப்புப் பகுதியில் எஸ்எம்பி 2 அல்லது 3 என்ற தெரிவு இருக்கிறதா என்று பாருங்கள். பல இயந்திரங்களில் அது இருந்தும் அணைக்கப்பட்டிருக்கும். இல்லாவிட்டால் உற்பத்தியாளர் வெளியிட்ட புதிய நிலைபொருளை, அதாவது இயந்திரத்தின் உள் மென்பொருளைத் தேடுங்கள். அதுவும் இல்லையென்றால், ஸ்கேன்களை மின்னஞ்சலுக்கோ யூஎஸ்பி நினைவகத்துக்கோ அனுப்ப முடியுமா என்று பாருங்கள். எதுவும் கைகொடுக்காதபோது, ராஸ்பெர்ரி பை போன்ற ஒரு சிறு கணினியில் ஸ்கேன் கோப்புறை ஒன்றை மட்டும் வைத்து, பழைய நெறிமுறையை அதில் மட்டும் அனுமதியுங்கள். முக்கிய சேவையகம் அதிலிருந்து கோப்புகளைத் தானே எடுத்துக்கொள்ளட்டும். செலவு கொஞ்சம் கூடும். ஆனால் காணி அனுமதிப்பத்திரங்களின் படிகள் இருக்கும் வட்டு அந்தப் பழைய கதவுக்கு வெளியே நிற்கும்.

இயந்திரம் இணைகிறது, ஆனால் சரியான கடவுச்சொல்லையும் தவறு என்கிறது என்றால் அது வேறு பிழை. 2016 இல் வந்த 4.5 பதிப்பு முதல், என்டிஎல்எம் முதலாம் பதிப்பு என்ற வலுக்குறைந்த கடவுச்சொல் சரிபார்ப்பு முறையைச் சாம்பா இயல்புநிலையில் ஏற்பதில்லை. பழைய இயந்திரங்களில் பல அந்த முறையை மட்டுமே அறியும். இதற்கும் மேலே சொன்ன தனிக் கணினியே தீர்வு.

அறிகுறி: புதிதாக வாங்கிய கணினியில் மட்டும் பொதுக் கோப்புறை திறக்கவில்லை, பழைய கணினிகளில் திறக்கிறது

இங்கே மாறியது சேவையகமன்று, விண்டோஸ். கடவுச்சொல் இல்லாத விருந்தினர் அணுகலை, 2017 இல் வந்த விண்டோஸ் 10 இன் 1709 பதிப்பு, நிறுவனங்களுக்கும் கல்விக்குமான வகைகளில் இயல்பாக நிறுத்தியது. 2024 இல் வந்த விண்டோஸ் 11 இன் 24எச்2, புரோ வகையிலும் அதை நிறுத்தியதோடு, வெளியே போகும் எஸ்எம்பி இணைப்புகளுக்கு, செய்தி வழியில் மாற்றப்படவில்லை என்று உறுதிசெய்யும் கையொப்பமிடலையும் கட்டாயமாக்கியது. விருந்தினருக்குக் கடவுச்சொல் இல்லை. கடவுச்சொல் இல்லாத இணைப்பில் கையொப்பமிடத் திறவுகோலும் இல்லை. அதனால் இரண்டு வழியாலும் கதவு மூடுகிறது. திரையில் உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை தடுக்கிறது என்ற பொருளில் ஒரு செய்தி வரும்; கட்டளைச் சாளரத்தில் பார்த்தால் 1272 என்ற பிழை எண் இருக்கும். "எங்கட கந்தோரில அப்பிடி ஒரு கொள்கையும் இல்லையே" என்று திகைத்து நின்றவர்களைக் கண்டிருக்கிறேன். அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. அந்தக் கொள்கையை அவர்கள் சார்பில் வேறொருவர் எடுத்திருக்கிறார்.

விண்டோஸ் பதிவேட்டில் ஒரு மதிப்பை மாற்றி இதைத் திறக்க முடியும். செய்யாதீர்கள். ஆளுக்கொரு பயனர் கணக்கை லினக்ஸில் உருவாக்கி, எஸ்எம்பிபாஸ்வேர்ட் கட்டளையால் ஒவ்வொருவருக்கும் கடவுச்சொல் இடுங்கள். ஒவ்வொரு கணினியிலும் ஒருமுறை கொடுத்து நினைவில் வைக்கச் சொன்னால் மறுநாள் கேட்காது. ஏழெட்டுப் பேர் உள்ள அலுவலகத்துக்கு இது அரை நாள் வேலை. பயனர் கணக்கு உருவாக்கியும் அதே செய்தி வந்தால், எஸ்எம்பிஸ்டேட்டஸ் பட்டியலில் பெயர் நிரலைப் பாருங்கள். அங்கே நோபடி என்று இருந்தால், பயனர் பெயரில் ஓர் எழுத்துத் தவறியிருக்கிறது. சேவையகம் மறுக்காமல் அவரை விருந்தினராக ஏற்றுக்கொண்டிருக்கிறது. மேலே சொன்ன உபுண்டு வரியின் வேலை அது. அந்த வரியை நீக்கிவிட்டால், தவறான பெயருக்குத் தவறு என்ற பதிலே வரும். பிழையைக் கண்டறிவது எளிதாகும்.

அறிகுறி: கோப்பைச் சேமிக்க முன்னரைவிட நேரம் எடுக்கிறது

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நாம் மிகவும் அவசரப்பட்டுப் பிழையான பக்கம் சாய்கிறோம்.

எக்செல் போன்ற ஒரு செயலி கோப்பைச் சேமிக்கும்போது, எழுதியதை வட்டில் நிலையாகப் பதித்துவிடு என்று சேவையகத்திடம் கேட்கலாம். 4.7 பதிப்புக்கு முன், சாம்பா அந்தக் கோரிக்கைக்கு ஆயிற்று என்று பதில் சொல்லிவிட்டு, தரவை நினைவகத்திலேயே வைத்திருந்து, பின்னர் லினக்ஸ் தன் வசதிப்படி எழுத விட்டுவிடும். வேகமாக இருந்ததற்குக் காரணம் அதுவே. 2017 இல் வந்த 4.7 முதல், ‘ஸ்ட்ரிக்ட் சிங்க்’ என்ற அமைப்பின் இயல்புநிலை ஆம் என்று மாறியது. வட்டில் உண்மையாகவே எழுதி முடிந்த பிறகுதான் பதில் போகும். சுழலும் பழைய வட்டில், அதுவும் யூஎஸ்பி வழியாக இணைத்ததில், இந்தக் காத்திருப்பு நன்றாகவே தெரியும்.

வன்னியில் மின்சாரம் எப்படிப் போகும் என்பது இங்கு வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் மூன்று மணிக்கு மேகம் கறுத்தால், முதல் இடியுடனேயே கரண்ட் போய்விடும். 2022 இல் ஒரு கட்டத்தில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. பற்றறி பழுதாகிப்போன யூபிஎஸ் ஒன்று மேசைக்கடியில் சும்மா இருக்கும்.

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு சங்கத்தில், வேகம் குறைந்துவிட்டது என்று முறையிட்டபோது, வந்து பார்த்த ஒருவர் ‘ஸ்ட்ரிக்ட் சிங்க்’ அமைப்பை இல்லை என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். சேமிப்பு வேகமானது. சில வாரங்களின் பின், அங்கத்தவர் பதிவேட்டைத் திருத்திச் சேமித்து, திரையில் எல்லாம் சரியாக முடிந்த பிறகு, சில விநாடிகளில் மின்சாரம் போனது. மறுநாள் நான் போய்ப் பார்த்தபோது கோப்பின் பெயர் அதே இடத்தில் இருந்தது, நீளம் பூச்சியம். பொறுப்பாக இருந்த அக்கா திரையைக் காட்டி, "பேர் கிடக்குது தம்பி, உள்ளுக்கு ஒண்டும் இல்லை" என்றார். அந்தப் பதிவேட்டை, தாளில் இருந்த பழைய பிரதியிலிருந்து மூன்று நாள் இருந்து மீண்டும் தட்டினார்கள். போர் முடிந்த 2009 இல் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் இல்லாமல் கையை வீசிக்கொண்டு வெளியே வந்து, பிறகு ஒவ்வொரு பத்திரத்தையும் அலுவலகம் அலுவலகமாக அலைந்து மீட்ட மக்களின் பெயர்கள் அந்தப் பதிவேட்டில் இருந்தன. அவர்களுடைய விபரம் இன்னொருமுறை வெறுமையாவதற்கு, வேகத்தை விரும்பி எழுதிய ஒரு வரி காரணமாக இருக்கக் கூடாது.

ஆகவே இந்த அறிகுறிக்குச் செய்யவேண்டியது இது. முதலில் காரணம் இதுதானா என்று உறுதிசெய்யுங்கள். இந்த அமைப்பைத் தனித்தனிப் பகிர்வுக்கு (சேவையகம் பகிரும் ஒவ்வொரு கோப்புறைக்கும்) எழுதலாம் என்பதால், பரிசோதனைக்கென்று வெறுமையான ஒரு பகிர்வை உருவாக்கி, அதில் மட்டும் இல்லை என்று எழுதி, அதே கோப்பை இரண்டு இடத்திலும் சேமித்து நேரத்தை அளவிடுங்கள். வேறுபாடு இல்லையென்றால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. கேபிளையும் சுவிட்சையும் பாருங்கள். வேறுபாடு இருந்தால், பரிசோதனைப் பகிர்வை அழித்துவிட்டு, வட்டை எஸ்எஸ்டியாக மாற்றப் பணம் கேளுங்கள். காணொளி தொகுப்பவர்களின் இடைக்காலக் கோப்புகள் போல, தொலைந்தாலும் மீண்டும் உருவாக்கக்கூடியவை மட்டும் உள்ள பகிர்வுக்கு இல்லை என்று எழுதுவதில் எனக்கு ஆட்சேபமில்லை.

இயல்புநிலையை அப்படியே விட்டால் எல்லாம் பாதுகாப்பு என்றும் எண்ணிவிடாதீர்கள். செயலி கேட்டால்தான் சேவையகம் காத்திருந்து எழுதும். கேட்காமல் அனுப்பிவிடும் கருவிகளுக்கு இந்த அமைப்பு உதவாது. வேலை செய்யும் பற்றறியுள்ள யூபிஎஸ்ஸும், மின்சாரம் போனதும் சேவையகத்தை ஒழுங்காக அணைக்கும் ஏற்பாடும் அப்போதும் வேண்டும்.

அறிகுறி: ‘வாசிக்க மட்டும்’, ‘மறைந்தது’ போன்ற கோப்புக் குறிகள் வட்டை மாற்றியபின் மறைந்துபோகின்றன

2018 இல் வந்த 4.9 முதல், இந்தக் குறிகளைக் கோப்புடன் ஒட்டிய நீட்டிப்புப் பண்புகளில் சேமிப்பது இயல்புநிலையாயிற்று. எக்ஸ்ஃபட் முறையில் வடிவமைத்த யூஎஸ்பி வட்டில் அப்பண்புகளுக்கு இடமில்லை. பகிர்வு வட்டை எக்ஸ்ட்4 முறையில் வடிவமையுங்கள். ஆர்சிங்க் கொண்டு படியெடுக்கும்போது பெரிய எக்ஸ் தெரிவைச் சேருங்கள். வேறொன்றும் இல்லை.

அறிகுறி: பழைய கணக்கு மென்பொருளின் தரவுக் கோப்பு, இரண்டு பேர் திறக்கும்போது பழுதாகிறது

கூட்டுறவுக் கடைகளில் இன்னமும் ஃபொக்ஸ்ப்ரோ காலத்து மென்பொருள்கள் ஓடுகின்றன. வேகத்துக்காக, ஒரு கணினி கோப்பின் பகுதியைத் தன்னிடமே வைத்துக்கொள்ளச் சாம்பா இயல்பாக அனுமதிக்கிறது. ஆவணங்களுக்கு அது நன்று. பலர் ஒரே நேரம் எழுதும் தரவுக் கோப்புக்குச் சில சமயம் ஆபத்து. அதை முற்றாக நிறுத்தாமல், ‘வீட்டோ ஒப்லொக் ஃபைல்ஸ்’ என்ற வரியில் டிபிஎஃப் என முடியும் கோப்புகளை மட்டும் விலக்கிவிடுங்கள்.

அறிகுறி: சேவையகத்தில் கேபிளும் வைஃபையும் இரண்டும் இருக்கின்றன, பெரிய கோப்புகளைப் படியெடுக்கும்போது சில நேரம் தடுமாறுகிறது

ஒரே இணைப்பைப் பல வழிகளில் பிரித்து அனுப்பும் வசதி 2016 இல் 4.4 பதிப்பில் வந்தது. பரிசோதனை நிலையில் இருக்கிறது என்ற அறிவிப்புடன், அணைத்த நிலையிலேயே வந்தது. இயல்புநிலையில் இயங்கத் தொடங்கியது 2021 செப்டெம்பரில் வந்த 4.15 பதிப்பில். ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் காத்திருந்திருக்கிறார்கள். புதிய வசதி தரவைத் தொடுமானால் இப்படித்தான் நடத்த வேண்டும் என்பது என் கருத்து: விரும்பியவர் எழுதி இயக்கட்டும், எழுதாதவரின் கோப்புகளில் பரிசோதனை வேண்டாம். எஸ்எம்பி முதலாம் பதிப்பை மூடியது இதற்கு எதிரான திசை போலத் தோன்றலாம். இரண்டிலும் பார்க்கப்பட்டது ஒரே ஆள்தான்: அமைப்புக் கோப்பை ஒருநாளும் திறக்காத ஒருவர். அவருக்குப் புதிய வேகம் பின்னால் வரலாம். பழைய ஓட்டை இன்றே மூடப்பட வேண்டும்.

தடுமாற்றத்துக்கு, ‘இன்டர்ஃபேசஸ்’ வரியில் கேபிள் முகவரியை மட்டும் எழுதி, அதற்கு மட்டும் கட்டுப்படு என்று சொல்லும் ‘பைண்ட் இன்டர்ஃபேசஸ் ஒன்லி’ என்ற வரியையும் சேர்த்துப் பாருங்கள். அப்போதும் தொடர்ந்தால் ‘சேர்வர் மல்டி சனல் சப்போர்ட்’ அமைப்பை இல்லை என்று எழுதலாம். ஒரே கேபிள் உள்ள அலுவலகத்துக்கு இதனால் இழப்பில்லை.

அறிகுறி: தவறுதலாக அழித்த கோப்பு குப்பைத் தொட்டியில் இல்லை

சேவையகத்தில் அழித்தால் விண்டோஸின் குப்பைத் தொட்டிக்குப் போகாது. சாம்பாவில் ரீசைக்கிள் என்ற கூறு இருக்கிறது. இயல்பாக அது இயங்குவதில்லை. உலகெங்கும் எல்லா வட்டுகளுக்கும் அதை இயக்கிவிட்டால், அழித்தும் இடம் விடுபடாமல் வட்டுகள் நிரம்பும் என்பதால் அந்தத் தீர்மானத்தைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் நம் அலுவலகங்களுக்கான இயல்புநிலையை நாம் தீர்மானிக்கிறோம். நான் நிறுவும் ஒவ்வொரு சேவையகத்திலும் ஆவணப் பகிர்வுகளுக்கு இதை இயக்கி, தொண்ணூறு நாளுக்கு மேற்பட்டவற்றை மட்டும் அழிக்கும் ஒரு சிறு கட்டளையையும் நேர அட்டவணையில் வைத்துவிடுகிறேன்.

இயக்கியும் வேலை செய்யவில்லையென்றால், இத்தகைய கூறுகளை இயக்கும் ‘விஎஃப்எஸ் ஒப்ஜெக்ட்ஸ்’ என்ற வரி எத்தனை இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பொதுப் பகுதியில் ரீசைக்கிள் என்று எழுதி, ஒரு பகிர்வின் கீழ் அதே வரியில் வேறொரு கூறை எழுதினால், இரண்டும் கூடாது. பகிர்வில் உள்ளது பொதுவானதை மறைத்துவிடும். அந்தப் பகிர்வின் வரியிலேயே இரண்டு பெயர்களையும் எழுதி, வரிக்கு மேலே எழுதிய திகதியையும் காரணத்தையும் ஒரு குறிப்பாக இட்டு, எஸ்எம்பிகொன்ட்ரோல் கட்டளையால் அமைப்பை மீள வாசிக்கச் செய்து, பெறுமதியில்லாத ஒரு கோப்பை அழித்து, அது தொட்டியில் விழுகிறதா என்று உங்கள் கண்ணால் பார்த்த பிறகு இருக்கையை விட்டு எழும்புங்கள்.